இழுப்பறையில் மூன்று பூட்டுகள்

கண்ணாடிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், கவுன்ட்டருக்குக் கீழே இருக்கிற இழுப்பறையைத் திறங்கள். துப்பாக்கிக் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரிதான். உரிமத்தை எப்படிச் சரிபார்ப்பது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது என்பதற்கெல்லாம் சட்டப் புத்தகம் இருக்கிறது, முதலாளி இருக்கிறார், தப்புச் செய்தால் நோட்டீஸ் அனுப்ப ஆபீஸ் இருக்கிறது. இழுப்பறைக்குத்தான் புத்தகம் கிடையாது. வாழ்நாளில் பாதியை அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே கழித்து, முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிற நான் சொன்னால்தான் உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நடுவில் செல்போனை எடுத்தீர்கள் என்றால் எனக்குத் தெரிந்துவிடும்.

இழுப்பறையில் பழைய துணியில் சுற்றிய மூன்று பூட்டுகள் இருக்கும். திண்டுக்கல்லில் பூட்டைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஆனால் இவை கதவுக்குப் போடுகிற பூட்டுகள் இல்லை. பழைய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்தவை. மேலே இருக்கும் வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, ஈயம் ஊற்றி அடைத்திருக்கும். சின்னப் பூட்டு நம் கடையில் விற்கிற சின்ன ரிவால்வரின் எடை. நடுப்பூட்டு பெரிய ரிவால்வரின் எடை. பெரியது பிஸ்டலின் எடை, அதுவும் தோட்டா நிரப்பிய பிஸ்டல்.

உரிமத்தோடு ஒருவர் வந்து, தினமும் உடம்போடு வைத்துக்கொள்ள ஒரு துப்பாக்கி வேண்டும் என்று கேட்டால், நாங்கள் துப்பாக்கியைக் காட்ட மாட்டோம். டீ கொடுத்து உட்கார வைத்து, அவர் மனசில் எது இருக்கிறதோ அந்த எடைப் பூட்டைக் கையில் கொடுப்போம். ஒரு வாரம் இதைத் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு சுமந்து வாருங்கள் என்போம். பஸ்ஸில், பைக்கில், கல்யாண வீட்டில், வயல்காட்டு வேலையில், எங்கே போனாலும் அது கூடவே வர வேண்டும், யார் கண்ணிலும் படக்கூடாது. ஒரு வாரம் கழித்து வரும்போது நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். எங்கெங்கே கழற்றி வைத்தீர்கள்?

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. ஆள் எந்த இடத்தில் பூட்டைக் கழற்றி வைத்தானோ, அந்த இடத்தில்தான் நாளைக்குத் துப்பாக்கி தொலையும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கையில் மாட்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருத்தர் வந்தார். ஆள் ஆறடி, குரல் எட்டடி. பிஸ்டல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பூட்டைக் கொடுத்ததும் அவருக்கு முகம் சுருங்கிப்போனது. "ஏனுங்க, என்னையப் பார்த்தா உங்களுக்கு வெளையாட்டா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போனார். வேட்டிக்கு மேல் கட்டுகிற அந்த அகலமான பச்சை பெல்ட்டில் செருகிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வந்தவரின் குரலில் பாதிதான் மிச்சம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தபோது பூட்டு நழுவித் தக்காளிப் பெட்டிக்குள் விழுந்து, பெட்டி லாரி ஏறிவிட்டதாம். கேரளா போகிற லாரி. வழியில் நிறுத்தி, தக்காளியைக் கொட்டித் தேடி எடுத்திருக்கிறார்கள். பூட்டுக்கே இந்தப் பாடு. அவர் அதற்கப்புறம் சின்ன ரிவால்வரும் நல்ல உறையும் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு ஒரு கூடை கொய்யாவும் கொடுத்துவிட்டுப் போனார். ஆயக்குடிக் கொய்யா, சும்மா சொல்லக்கூடாது.

இதுவரை சொன்னது உங்களைச் சிரிக்க வைக்க. இனிச் சொல்வது முருகேஸ்வரியைப் பற்றி.

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மானாவாரி பூமி, மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கடன். முருகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். வண்டிப்பாதைத் தகராறில் அவள் புருஷனைப் பங்காளிகள் மூன்று பேர், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள், சோளக்காட்டிலேயே வெட்டிவிட்டார்கள். கஞ்சித் தூக்கோடு போன முருகேஸ்வரி அதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்த ஒரே ஆள் அவள்தான். மூன்று பேரும் ஜாமீனில் வெளியே வந்து அதே ஊரில், அதே தெருவில் நடமாடினார்கள். சாட்சி சொல்லப் போனால் புருஷன் போன இடத்துக்கே போவாய் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அவள் மனு மேல் மனுவாகப் போட்டு, நடையாய் நடந்து, தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கிவிட்டாள். நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அது கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அவளோடு அவள் தம்பி வந்திருந்தான். மினி வேன் ஓட்டுகிற பையன், அக்காமேல் உயிரையே வைத்திருந்தான். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெரிய பிஸ்டலைக் காட்டி அதுதான் வேண்டும் என்றான். எதிராளி பார்த்ததும் பயப்பட வேண்டும் என்பது அவன் கணக்கு. எனக்கு எரிச்சல் வந்தது. பார்ப்பதற்கா தம்பி வாங்குகிறோம், யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளத்தானே வாங்குகிறோம் என்று கேட்டேன். கனமானதை நாலு நாள் சுமப்பார்கள், ஐந்தாவது நாள் பீரோவில் வைத்துவிடுவார்கள். ஆபத்து பீரோவுக்கு வருவதில்லை. இதை அவனிடம் சொல்லிவிட்டு முருகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் துப்பாக்கிகள் பக்கமே திரும்பவில்லை. தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வச்சுக்கிறதுண்ணே? சேலையில எடம் ஏது?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்தும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் கடைக்கு வந்ததெல்லாம் பேன்ட், வேட்டி, சபாரி. உறைகள் எல்லாமே பெல்ட்டில் மாட்டுகிற மாதிரி செய்தவை. சேலை கட்டிக்கொண்டு காட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணை மனசில் வைத்து உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. தெரியாது தாயி, ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று உண்மையைச் சொன்னேன். சின்னப் பூட்டைத் துணியோடு எடுத்துக் கையில் கொடுத்து, விஷயத்தை விளக்கினேன். தம்பி முறைத்தான். அவள் பூட்டைக் கையில் ஏந்தி இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று எடுத்துக்கொண்டாள்.

தம்பி அவளுக்குத் தோளில் மாட்டுகிற ஜிப் வைத்த பை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். பூட்டு அதற்குள் போனது. மூன்று நாள் எந்தப் பிரச்சினையும் இல்லை. நாலாவது நாள் வக்கீலைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். மூச்சு விட முடியாத கூட்டம். நம் ஊர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவள் பையோடு அல்லாடினால், உட்கார்ந்திருக்கிற பெண் என்ன செய்வாள்? கேட்காமலே கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். இவளும் வழக்கம்போலக் கொடுத்துவிட்டாள். நாம் எல்லோரும் செய்வதுதான். முன்பின் தெரியாத ஆளின் மடியில் சாப்பாட்டுத் தூக்கு, ரேஷன் பை, சமயத்தில் பிள்ளையைக்கூட வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம்.

நடுவழியில் ஒரு நிறுத்தத்தில் அந்த மூன்று பேரில் இளையவன் ஏறியிருக்கிறான். முருகேஸ்வரியின் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் பை இல்லை. எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு அம்மாவின் மடியில் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் பேத்தி ஜிப்பை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். பை கைக்கு எட்டாத தூரம், அவனோ நெருங்கி வந்துகொண்டிருந்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கிவிட்டாள். அந்தப் பயத்தில் பையை வாங்கவே மறந்துவிட்டாள். பஸ் கிளம்பியபின் அந்த அம்மா கூச்சல் போட்டு, கண்டக்டர் விசில் ஊதி, பை ஜன்னல் வழியாகக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் கடைக்கு வந்தாள். வாரம் முடியவில்லை. எங்கே கழற்றி வைத்தாய் என்று நான் கேட்பதற்கு முன்பே பூட்டைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு அழுதாள். தனக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் யோக்கியதை இல்லை என்றாள். அந்தக் குழந்தையின் விரலையே சொல்லிச் சொல்லி அழுதாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துப்பாக்கி வேண்டும் என்று வருகிறவர்களில் தன் உயிரைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள்தான் அதிகம். இவள் பிறத்தியார் பிள்ளைக்காக அழுகிறாள். அவளிடம் துப்பாக்கி கொடுக்கலாம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தீர்மானமானது. அழட்டும் என்று விட்டுவிட்டு, அழுது முடித்ததும் சொன்னேன். தப்பு உன்னுடையது இல்லை தாயி, பையினுடையது. உடம்பிலிருந்து தனியாக எடுக்க முடிகிற எதுவும் உனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

நம் தெருக்கோடியில் தையற்கடை வைத்திருந்த அம்மாவிடம் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் போய் என்னென்னவோ பேசினார்கள், நான் வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டியான பருத்திப் பட்டையில், பாவாடைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி ஒரு பெல்ட். இடது பக்கம் ஒரு பை. முந்தானையைச் சுற்றி இழுத்துச் செருகினால் பூட்டு இருக்கிற இடமே தெரியவில்லை. மறுபடி ஒரு வாரம். இந்த முறை அவள் வந்து, குனிந்து களை எடுக்கும்போது விலாவில் குத்துகிறது என்றாள். பையை இரண்டு விரல் கீழே இறக்கித் தைத்தார்கள். இன்னொரு வாரம். எங்கே கழற்றி வைத்தாய் என்று கேட்டபோது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் பீரோவில் வைத்துப் பூட்டியதாகவும் சாவியைத் தாலிச்சரட்டோடு கோத்துக்கொண்டதாகவும் சொன்னாள். தாலியைத்தான் கழற்றிவிட்டார்கள், சரடு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாளாம். சின்ன ரிவால்வரை எடுத்துக் கொடுத்தேன். சேலையில் மாட்டி இழுக்கிற மாதிரி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிராத மாடல். இதைவிடப் பெரியதைத் தந்திருந்தால் அவள் சுமந்திருக்க மாட்டாள்.

அதற்கப்புறம் ஆறேழு மாதம் அவளைப் பார்க்கவில்லை. மறுபடி வந்தது தேர்தல் அறிவித்த வாரம்.

தேர்தல் என்றால் நம் கடையில் என்ன நடக்கும் என்று நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். உரிமம் வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ நம் மாதிரிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். கடை முழுக்கக் கூட்டம், வாசல் வரை வரிசை. முதலாளி மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மொத்தத்தையும் நான் ஒருத்தன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் தம்பி முண்டியடித்து முன்னால் வந்தான், பின்னால் முருகேஸ்வரி. கோர்ட்டில் சாட்சி சொல்ல அவளுக்கு சம்மன் வந்துவிட்டது. அடுத்த வாரம்.

துப்பாக்கியை ஒப்படைப்பதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. ஸ்டேஷனில் துணைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்கள், கோர்ட்டு வாசலில் போலீஸ் இருக்கும், அதுவரை ஜாக்கிரதையாக வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கும் கோர்ட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற ரோடுதான் அவளுக்கு எமன். தம்பி என் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, வாங்கிக்கிட்டதா ரசீது மட்டும் எழுதிக் குடுத்துருங்க. சாமான் அக்கா இடுப்புலயே இருக்கட்டும். ஒங்களுக்கும் எனக்கும் தவிர ஆருக்குத் தெரியப்போகுது?"

இளசுகளே, உங்களுக்கு இந்த நிமிஷம் ஒரு நாள் வரும், அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்கிறவன் கெட்டவனாக இருந்தால் மறுப்பது சுலபம். இவன் கேட்டது அக்காவின் உயிருக்காக. நான் மறுத்து, அவள் வழியில் செத்துப்போனால், அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்குமா? வரிசையில் பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று சத்தம் போட்டார்கள். பேனாவை எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேனாவைக் கீழே வைக்க வைத்தது சட்டத்தின்மீது பயம் இல்லை. கோர்ட்டு வாசலில் அவளைச் சோதனை போடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஒப்படைத்ததாக ரசீது இருக்கிற துப்பாக்கி அவள் இடுப்பில் இருந்தால், அன்றைக்குக் கைதாகப்போவது அவள்தான். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? பொய் ரசீது வாங்கியவள் பொய்ச் சாட்சியும் சொல்வாள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். எந்தச் சாட்சிக்காக அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் நடந்தாளோ, அந்தச் சாட்சியையே நாங்கள் கெடுத்திருப்போம். இதை அவர்கள் இரண்டு பேருக்கும் கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னேன். தம்பி என்னைக் கோழை என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான், நான் வாங்கிக்கொண்டேன். முருகேஸ்வரி உள்ளறைக்குப் போய் ரிவால்வரைக் கழற்றிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் வைத்தாள்.

ரசீதை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, அந்தச் சின்னப் பூட்டைக் குடுங்க. இடுப்புல கனம் இல்லாம எனக்குக் கால் தரையில பாவ மாட்டேங்குது."

எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கு நானும் வாரேன் தாயி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடையை யார் பார்ப்பது என்ற நினைப்பு வந்தது. வந்து என்ன, சொன்னது சொன்னதுதான்.

தம்பியின் வேனில் போகலாம் என்றுதான் முதலில் பேசினோம். ஊருக்கு வெளியே அத்துவானத்தில் வேனை மறித்தால் கேட்க நாதி இல்லை, கூட்டம் நிறைந்த பஸ்ஸே மேல் என்று அவளே சொல்லிவிட்டாள். அது சரியான யோசனை. நான் முதல் பஸ்ஸில் குஜிலியம்பாறை போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். திண்டுக்கல் பஸ்ஸில் அதே கூட்டம். ஒரு அம்மா கையை நீட்டி முருகேஸ்வரியின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை பைக்குள் புளிச்சோறும் துவையலும்தான். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள், இன்னொரு கை முந்தானைக்கு அடியில் இடுப்பில் இருந்தது.

பழைய நிறுத்தத்தில் அதே இளையவன் ஏறினான். அவனுக்கும் அன்றைக்கு அதே கோர்ட்டுதான், ஆனால் அவன் ஏறிய தோரணை கோர்ட்டுக்குப் போகிற தோரணையாக இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கியே வந்தான். தம்பி நடுவில் போய் நிற்கப் பார்த்தான், கூட்டம் விடவில்லை. பேனாவைக் கீழே வைத்தாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவன் இரண்டு ஆள் தூரத்துக்கு வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவள் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தான். அவளிடம் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரியும். தேர்தலுக்கு எல்லோரும் ஒப்படைத்துவிட்டார்கள் என்பதும் தெரியும். ஒப்படைத்தாளா இல்லையா என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. அடுத்த நிறுத்தம் வந்தது. அவன் இறங்கிப் பின்பக்கப் படியில் ஏறிக்கொண்டான்.

பூட்டை வைத்துப் பயமுறுத்தலாம் என்று இதைப் பாடமாக எடுத்துக்கொண்டு யாராவது வாடிக்கையாளருக்குச் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் பூட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு எங்களுக்கு நல்ல நேரம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கோர்ட்டு வாசலில் மேஜை போட்டுச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். பெண் போலீஸ் தடவிப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். என்னம்மா இது என்று கேட்டாள். முருகேஸ்வரி எடுத்துக் காட்டினாள். பூட்டு. திறக்காத, வளையமில்லாத, ஒன்றுக்கும் உதவாத பூட்டு. அந்தப் பெண் போலீஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முருகேஸ்வரியின் முகத்தையும் பார்த்தாள். இதெல்லாம் உள்ளே கொண்டுபோகக் கூடாது, இங்கேயே இருக்கட்டும், போகும்போது வாங்கிக்கொள் என்று மேஜைக்கு அடியில் வைத்தாள். பாவம், நல்ல மனசு.

எனக்கு அதுதான் பயம். இடுப்பில் கனம் இல்லாவிட்டால் கால் பாவாது என்றவள், இப்போது ஒன்றுமே இல்லாமல் உள்ளே போக வேண்டும். உள்ளே மூன்று பேரும் நிற்பார்கள். நான் வாசலில் நின்று அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை இழுத்துச் செருகினாள், போனாள். படியேறி வராந்தாவில் திரும்புகிற வரை அந்த நடையில் எந்த வித்தியாசமும் இல்லை. மத்தியானம் வரை அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. கடையில் வரிசை தெருவைத் தாண்டிவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் போனில் கத்தியதால் நான் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். மூன்று பேரையும் ஒவ்வொருத்தராகக் கை நீட்டி, பேர் சொல்லி, அடையாளம் காட்டிவிட்டாளாம். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு குடைந்தும் ஒரு வார்த்தை மாறவில்லையாம். திரும்ப வரும்போது போலீஸ் ஜீப்பிலேயே ஊரில் விட்டார்களாம். என்னைக் கோழை என்றதற்குப் போனிலேயே அழுதான். அட விடுப்பா என்றேன்.

ஓட்டு எண்ணி முடித்த பிறகு துப்பாக்கியைத் திரும்ப வாங்கத் தம்பியோடு வந்தாள். தீர்ப்பு அப்போது வரவில்லை, அதனால் அது அவளுக்கு வேண்டியிருந்தது. ரசீதைக் கொடுத்து ரிவால்வரை வாங்கிக்கொண்டு, துணியில் சுற்றிய பூட்டைக் கவுன்ட்டரில் வைத்தாள். பழக்க தோஷம், நான் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"எங்கெங்க கழட்டி வச்ச, தாயி?"

"ஒரே எடத்துலதாண்ணே. கோர்ட்டு வாசல்ல" என்றாள். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டு, "திரும்ப எடுக்க மறந்துட்டேன். வீட்டுக்குப் போயி, சோறாக்கி, சாப்பிட்டுப் படுத்து, பொரண்டு படுக்கறப்பத்தான் இடுப்பு வெறுமனே இருக்குன்னே தெரிஞ்சுச்சு. மறுநா தம்பிதான் போயி வாங்கியாந்தான்."

பூட்டை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்து வந்தவர்களை நான் லேசில் திட்டாமல் விடுவதில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரரைக் கேட்டால் சொல்வார். அன்றைக்குத் திட்டத் தோன்றவில்லை. சின்னப் பூட்டை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, மூன்று டீ சொன்னேன்.